கடலோர நிலத்தடி நீர் வரைபடத்தில் உப்பு எங்கே மறைந்தது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் முதுகலைப் புவியியல் படிக்கும் மாணவி ஒருவர், தம் ஆய்வேட்டுக்காக ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் முதல் சாயல்குடி வரையிலான கடலோரப் பட்டையை எடுத்துக்கொண்டு, செயற்கைக்கோள் படங்களையும் ஜிஐஎஸ் என்னும் புவித்தகவல் மென்பொருளையும் வைத்து நிலத்தடி நீர் வாய்ப்பு வரைபடம் ஒன்றைத் தயாரித்திருக்கிறார். நிலவடிவம், பாறை, சரிவு, மழை என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்த எட்டுத் தகவல் அடுக்குகளுக்கும் உரிய எடைகளை, அதாவது எது எவ்வளவு முக்கியம் என்ற எண்களை, உசிலம்பட்டி வட்டாரத்துக்காக முன்பு அவருடைய துறையில் செய்யப்பட்ட ஓர் ஆய்வேட்டிலிருந்து அப்படியே எடுத்திருக்கிறார். முடிவில் கடற்கரையின் பெரும்பகுதி ‘மிக நன்று’ என்ற அடர்நீல வகுப்பில் விழுந்துவிட்டது. களத்துக்குப் போய்ப் பார்த்தால், அந்த நீலத்துக்குள்ளேயே பல கிணறுகள் வாயில் வைக்க முடியாத உப்பு. தவறு மென்பொருளிலா, தரவிலா, தம் கையிலா என்று கேட்கிறார்.

மென்பொருள் சொன்னதைத்தான் செய்திருக்கிறது. தரவிலும் பெரிய பழுதில்லை. உசிலம்பட்டிக்குச் சரியாக இருந்த கேள்விகளை கடலோர உச்சிப்புளியிடம் கேட்டதுதான் பிழை. மதுரையைச் சுற்றியுள்ள பாறைநிலத்தில் ‘நீர் இருக்கிறதா’ என்பது மட்டுமே கேள்வி. கடலோர மணலில் நீர் இல்லாத இடமே அரிது. பத்தடி தோண்டினால் ஈரம் வந்துவிடும். அங்கே கேட்க வேண்டியது, அந்த நீர் யாருடையது, மழையுடையதா கடலுடையதா என்பதுதான். நீங்கள் வரைந்தது நீர் இருக்கும் இடங்களின் வரைபடம். அந்த அளவில் அது பொய்யும் அல்ல. அதில் உப்பைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதுதான் குறை.

இதை விளங்கிக்கொள்ள, செயற்கைக்கோள் நிலத்தடி நீரைப் பார்ப்பதில்லை என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். ஒளிப்படக் கருவி நிலத்தின் மேல்தோலை மட்டுமே பார்க்கிறது. ராடார் அலைகள்கூட மிக உலர்ந்த மணலில் ஓரளவு ஊடுருவுமே தவிர, ஈர மண்ணில் மேற்பரப்போடு நின்றுவிடும். ஈர்ப்பு விசை மாற்றத்தைக் கொண்டு நிலத்தடி நீரின் மொத்த ஏற்ற இறக்கத்தை உணரும் கிரேஸ் செயற்கைக்கோள் இணை 2002 முதல் 2017 வரை இயங்கியது, அதன் வாரிசு 2018இல் ஏவப்பட்டது. ஆனால் அவற்றின் ஒரு பார்வைப் பரப்பு சில நூறு கிலோமீட்டர் அகலமுடையது என்பதால் ஒரு மாவட்டத்துக்கே அது உதவாது, ஒரு வட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே நாம் செய்வதெல்லாம், மேலே தெரியும் அடையாளங்களிலிருந்து கீழே இருப்பதை ஊகிப்பதுதான். ஊகத்தின் தரம் அடையாளத்துக்கும் நீருக்கும் உள்ள உறவைப் பொறுத்தது. அந்த உறவு எல்லா ஊரிலும் ஒன்றல்ல.

மதுரை, உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் சார்னோக்கைட், நைஸ், கிரானைட் ஆகிய கடினப் பாறைகள். பாறைக்குள் இயல்பாக நீர் தங்க இடமில்லை. மேலே சிதைந்த சில மீட்டர் தடிமனிலும், கீழே உள்ள வெடிப்புகளிலும் மட்டுமே தங்கும். ஆயிரம் அடி போர் போட்டும் புகை மட்டுமே வந்த கதையும், பக்கத்து வயலில் இருநூறு அடியிலேயே பீய்ச்சியடித்த கதையும் உசிலம்பட்டிப் பக்கம் எந்தத் தேநீர்க் கடையிலும் கேட்கக் கிடைக்கும். அந்த வேறுபாட்டுக்குக் காரணம் வெடிப்பு. படத்தில் நேர்கோடாகத் தெரியும் ஓடை, வரிசையாக நிற்கும் மரங்கள், குன்றை அறுத்துச் செல்லும் பள்ளம் ஆகிய கோட்டுக்கூறுகள் வெடிப்புகளின் மேற்பரப்புத் தடயங்கள். அதனால்தான் அங்கே அவற்றுக்கு அதிக எடை. சரிவு குறைந்த இடத்தில் மழைநீர் நின்று இறங்கும், ஓடைகள் அடர்ந்த இடத்தில் ஓடிவிடும். அந்த இரண்டுக்கும் ஓரளவு எடை. இவை யாவும் அந்த நிலத்துக்கு நியாயமானவை.

இனி சிவகங்கை, மானாமதுரையைத் தாண்டிக் கிழக்கே போங்கள். கடினப் பாறை படிவுப் பாறைக்கும் வண்டலுக்கும் அடியில் இறங்கிவிடுகிறது. பரமக்குடியைக் கடந்து ராமநாதபுரம் போவதற்குள், வெடிப்புகளைச் சுமந்த பாறை உங்கள் காலுக்கு வெகு ஆழத்தில் போயிருக்கும். அங்கே படத்தில் தெரியும் கோடு என்ன? தானியங்கி முறையில் கோடுகளைப் பிரித்தெடுத்திருந்தால், ராமேசுவரம் இரயில் பாதை, தேசிய நெடுஞ்சாலை, வரத்துக்கால்வாய், கண்மாய்க் கரை, உப்பளப் பாத்தியின் வரப்பு எல்லாம் அதில் இருக்கும். கடற்கரைக்கு இணையாக ஓடும் மணல்மேடுகளும் கோடுகளாகவே பிடிபட்டிருக்கும். மணல்மேடுகள் நீருக்கு முக்கியமானவைதாம். ஆனால் அவை வெடிப்புகள் என்பதால் அல்ல. கோட்டுக்கூறு அடர்த்தி என்ற அடுக்கை உங்கள் ஆய்வுப் பகுதியில் எடுத்துவிடலாம் என்பதே என் கருத்து. எட்டு அடுக்கு ஏழாகிவிட்டதே என்று யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். குறைத்தால் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

சரிவு அடுக்கில் உள்ள சிக்கல் இன்னும் சுவையானது. நீங்கள் பயன்படுத்திய உயரத் தரவு 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ராடார் மூலம் திரட்டியது. ஒரு படப்புள்ளி சுமார் 30 மீட்டர், உயரம் முழு மீட்டர்களில் தரப்பட்டிருக்கும். கடலோர மணல்மேட்டுக்கும் பக்கத்துத் தாழ்வுக்கும் இடையே உள்ள உயர வேறுபாடு பெரும்பாலும் ஓரிரு மீட்டர்தான். தரவின் செங்குத்துப் பிழையோ பல மீட்டர். அடுத்தடுத்த இரு புள்ளிகளில் ஒரு மீட்டர் மாறினாலே சரிவு 3.3 விழுக்காடு என்று கணக்கு வரும். ஆக, அந்தச் சமவெளியில் உங்கள் சரிவு வரைபடம் காட்டும் வேறுபாடுகளில் பெரும்பகுதி நிலத்தினுடையது அல்ல, அளவீட்டின் நடுக்கம். அதோடு அந்த ராடார் அலை மரத்தலைகளிலேயே பெரிதும் திரும்பிவிடுவதால், தென்னந்தோப்பும் சவுக்குத் தோப்பும் குன்றுகளாகத் தெரியும். தோப்பு நிற்கும் மணல்மேட்டில்தான் நல்ல தண்ணீர் இருக்கும். அந்த மேட்டையே ‘சரிவு அதிகம், ஊடுருவல் குறைவு’ என்று உங்கள் வரைபடம் தண்டித்திருக்கும்.

வடிகால் அடர்த்திக்கும் இதே கதைதான். தட்டையான நிலத்தில் உயரத் தரவிலிருந்து மென்பொருள் வரையும் ஓடைகள், ஓடுவதற்கு வழி தெரியாமல் அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் இணைகோடுகளாக வரும். அவை எந்த ஊரிலும் இல்லாத ஓடைகள். உண்மையில் அந்த நாட்டில் நீர் எப்படி ஓட வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் கண்மாய் வெட்டியவர்கள். வருசநாட்டு மலையில் புறப்பட்டு 258 கிலோமீட்டர் ஓடிவரும் வைகையே, மற்ற ஆறுகளைப்போல் நேரே கடலில் போய் விழாமல், ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பிவிட்டு, மிஞ்சினால்தான் ஆற்றங்கரைப் பக்கம் கடலுக்குப் போகிறது. ஒரு கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும் இந்தச் சங்கிலியை உயரத் தரவிலிருந்து பெற முடியாது. சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 நிலவரைபடத்திலிருந்து கையால்தான் எடுக்க வேண்டும்.

மழை அடுக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சில மழைமானிகளை வைத்து இடைக்கணித்த வரைபடம், அவ்வளவு சிறிய பட்டையில் மாறாத ஒன்றை மாறுவதாகக் காட்டும். விட்டுவிடுங்கள்.

இப்போது நிலப்பயன்பாடு. உங்கள் வரைபடத்தைக் கெடுத்தவற்றில் இதற்கே முதலிடம் தருவேன், இரண்டு காரணங்களால். ஒன்று, ‘நீர்நிலை’ என்ற வகுப்புக்குப் பாறைநில ஆய்வுகளில் முழு மதிப்பெண் தருவார்கள். கண்மாய் என்றால் கசிவு, கசிவு என்றால் கிணற்றுக்கு வரவு என்பது கணக்கு. கடலோரத்தில், படத்தின் பட்டைகளிலிருந்து கணக்கிடும் நீர்க் குறியீட்டெண் ‘நீர்’ என்று காட்டுவதில் கண்மாயும் உண்டு, ஊருணியும் உண்டு. உப்பளமும் இறால் பண்ணையும் கடல்நீர் ஏறி நிற்கும் சதுப்பும் உண்டு. செயற்கைக்கோளுக்கு எல்லாம் நீர்தான். உங்கள் எடைகளின்படி உப்பளம் நிலத்தடி நீருக்குப் பேருதவி செய்வதாக ஆகிவிடும். உண்மையில் அது தன் அடியில் உள்ள நீரை உவராக்கிக்கொண்டிருக்கிறது. இறால் பண்ணைகளைப் படத்தில் தனியே பிரிப்பது கடினமல்ல: ஒரே அளவான செவ்வகங்கள், நடுவே நேர் வரப்புகள், ஓடையையோ உப்பங்கழியையோ ஒட்டிய இடம். கண்மாய்க்கு ஒரு பக்கம் வளைந்த கரை இருக்கும், மறுபக்கம் நீர் ஏறி இறங்கும் ஒழுங்கற்ற விளிம்பு இருக்கும். கண்ணால் பார்த்துப் பிரிக்க ஒரு நாள் போதும்.

இரண்டாவது, சீமைக்கருவேலம். கோடையிலும் பச்சையாக இருக்கும் இடத்தில் ஆழமற்ற நீர் உண்டு என்பது படத்தில் பச்சையின் அளவைக் காட்டும் தாவரக் குறியீட்டெண்ணை நம்பும் எல்லோரும் சொல்லும் விதி. மே மாதப் படத்தில் ராமநாதபுரம் மாவட்டத்தைப் பாருங்கள். பச்சையில் பெரும்பகுதி கண்மாய் உள்வாயிலும் தரிசிலும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம்தான். அது உவர் நிலத்திலும் வளரும், உப்பு நீரையும் உறிஞ்சும். அதன் பச்சை நல்ல நீருக்குச் சாட்சி சொல்லாது. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லி உத்தரவிட்டபோது ஊரெங்கும் அதைப் பற்றியே பேச்சாக இருந்தது. வெட்டியது வெட்டியபடி துளிர்த்து, கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு இன்றும் படியளந்துகொண்டிருக்கிறது. கோடைப் பச்சையைப் பயன்படுத்தத்தான் வேண்டும் என்றால், சீமைக்கருவேலத்தை முதலில் தனி வகுப்பாகப் பிரித்து மறைத்துவிட்டு, மிஞ்சும் பச்சையைப் பாருங்கள். அப்படி மிஞ்சுவது தென்னந்தோப்பு, கிணற்றுப் பாசனத் தோட்டம், ஊருணிக் கரை மரங்கள் என்று கொஞ்சமாகத்தான் இருக்கும். அந்தக் கொஞ்சத்தில்தான் செய்தி இருக்கிறது. தென்னையும் ஓரளவு உப்பைத் தாங்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இவையெல்லாம் எப்படிக் கூடி விபரீதமாகின்றன என்பதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். உங்கள் எடைகள் கேள்வியில் இல்லை. பாறைநில ஆய்வுகளில் வழக்கமாகக் காணப்படுவதுபோல் நானே ஒரு தொகுப்பை எழுதிக்கொள்கிறேன். நிலவடிவம் 25, கோட்டுக்கூறு 20, பாறை வகை 15, சரிவு 12, வடிகால் 10, நிலப்பயன்பாடு 8, மண் 6, மழை 4, மொத்தம் 100. ஒவ்வோர் அடுக்கிலும் மதிப்பெண் ஒன்று முதல் ஐந்து வரை. முதலில் ஓர் உப்பளத்தின் படப்புள்ளி: நிலவடிவம் ‘கடலோரச் சமவெளி’ என்பதால் 4, கோட்டுக்கூறு 2, பாறை வகை ‘வண்டல்’ என்பதால் 5, சரிவே இல்லாததால் 5, ஓடைகள் இல்லாததால் 5, நிலப்பயன்பாடு ‘நீர்நிலை’ என்பதால் 5, மண் 3, மழை 3. பெருக்கிக் கூட்டினால் 395, அதாவது ஐந்துக்கு 3.95. அடுத்து, அதற்கு அரைக் கிலோமீட்டர் தள்ளி, பனை நிற்கும் மணல்மேடு: நிலவடிவம் அதே பொது வகுப்பு என்பதால் 4, கோட்டுக்கூறு 2, பாறை வகை 5, மரத்தலைகளால் சரிவு கூடித் தெரிவதால் 3, வடிகால் 5, நிலப்பயன்பாடு ‘மரங்களுடன் தரிசு’ என்பதால் 3, மணல் என்பதால் மண்ணுக்கு 5, மழை 3. கூட்டினால் 367, அதாவது 3.67. ஊரார் குடம் கொண்டுபோய் நீர் இறைக்கும் மேட்டைவிட உப்பளம் உயர்ந்த மதிப்பெண் வாங்கிவிட்டது. வகுப்பெல்லை 3.5 என்றால் இரண்டுமே அடர்நீலம்.

இந்தக் கணக்கில் இன்னொன்றையும் கவனியுங்கள். சரிவு, வடிகால் இரண்டும் ‘தட்டை நிலம்’ என்ற ஒரே செய்தியை இரண்டு பெயரில் சொல்கின்றன. நிலவடிவ அடுக்கில் ‘சமவெளி’ என்றும், பாறை அடுக்கில் ‘வண்டல்’ என்றும் அதே செய்தி மறுபடி வருகிறது. ஒரே ஆள் நான்கு முறை ஓட்டுப் போட்டதுபோல. 1970களில் தாமஸ் சாட்டி உருவாக்கிய படிநிலைப் பகுப்பாய்வு முறையில் அடுக்குகளை இரண்டிரண்டாக ஒன்று முதல் ஒன்பது வரையிலான அளவில் ஒப்பிட்டு எடை காண்கிறோம். இசைவு விகிதம் 0.10க்குக் கீழே வந்தால் எல்லோரும் நிம்மதி அடைகிறார்கள். உங்களுக்கும் 0.10க்குக் கீழேதான் வந்திருக்கும், ஐயமில்லை. அந்த எண் சொல்வது, நீங்கள் உங்களோடு முரண்படவில்லை என்பதை மட்டும்தான். நிலத்தோடு முரண்படுகிறீர்களா என்பதை அது அறியாது. முற்றிலும் தவறான எடைகளும் அழகாக இசைந்து நிற்கும்.

எனவே எடைகளைத் திருத்துவதில் காலம் கழிக்காமல், நிலவடிவ வரைபடத்தை மறுபடியும் கையால் வரையுங்கள். கடலோரத்தில் பாதி வேலைக்கு மேல் இதுதான். சென்டினல்-2 படம் 10 மீட்டர் துல்லியத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ரிசோர்ஸ்சாட் வரிசையின் லிஸ்-3 படம் 23.5 மீட்டர், புவன் தளத்தில் கிடைக்கும். அண்மை அகச்சிவப்பு, சிவப்பு, பச்சை ஆகிய மூன்று பட்டைகளைச் சேர்த்த பொய்வண்ணப் படத்தில் தாவரம் சிவப்பாகவும், உலர் மணல் வெள்ளையாகவும், ஈரச் சேறு கருநீலமாகவும் தெரியும். வடகிழக்குப் பருவமழை முடிந்து வானம் தெளியும் பிப்ரவரிப் படம் ஒன்று, மே மாதப் படம் ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரைக்கு இணையாக வெளிர் வரிகள் ஓடினால் அவை பழைய கடற்கரைகள் விட்டுச்சென்ற மணல்மேடுகள். இரு மேடுகளுக்கு இடையே பிப்ரவரியில் கருத்தும் மே மாதத்தில் வெளுத்தும் தெரிவது தாழ்வு. மே மாதத்தில் அந்தத் தாழ்வு பளீரென்ற வெண்மையாக இருந்தால் மணல் என்று எண்ணிவிடாதீர்கள், உப்புப் பூத்திருக்கலாம். நடந்துபோனால் காலடியில் நொறுங்கும். சாயல்குடிப் பக்கம் செம்மண் நிறத்தில் காணப்படும் தேரி மணல், மழையை உடனே உள்ளே விடுவதால் தனி வகுப்பாக்கத் தக்கது.

எல்லாவற்றிலும் மதிப்புடையது பழைய ஆற்றுத்தடம். வைகை தன் கீழ்ப்பகுதியில் ஒரே இடத்தில் ஓடிய ஆறல்ல. விசிறிபோல் விரிந்த சமவெளியில் பல முறை தடம் மாறியிருக்கிறது. கைவிட்ட தடங்கள் மணலால் நிரம்பி, சுற்றிலும் களிமண் இருக்க, வளைந்து நெளிந்த பட்டைகளாகப் புதைந்து கிடக்கின்றன. தரையில் நின்றால் ஒன்றும் தெரியாது; படத்தில் மட்டும், அறுவடை முடிந்த வயல்களுக்கு நடுவே சற்று ஈரம் நீடிக்கும், சற்றுத் தாமதமாகக் காயும் ஒரு வளைவாகத் தெரியும். ஆற்றோரம் வாழ்ந்தவர்களுக்கு மணலில் நீர் இருக்கும் விவரம் புதிதல்ல. மதுரைக்குப் பக்கத்தில் கீழடியில் அகழ்ந்தபோது சுடுமண் உறைகிணறுகள் கிடைத்தன. இறுகாத மணலில் கிணறு சரியாமல் இருக்க உறை இறக்குவது இன்றும் வைகைக் கரையில் செய்கிற வேலைதான்.

இனி உப்பின் பக்கம். நன்னீர் கடல்நீரைவிடச் சற்று இலேசானது, 1.000க்கு 1.025 என்பது அடர்த்திக் கணக்கு. இந்தச் சிறு வேறுபாட்டால், மழைநீர் கடல்நீரின் மேல் எண்ணெய்போல மிதந்து நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கைபன் என்பவரும், 1901இல் ஹெர்ஸ்பெர்க் என்பவரும் தனித்தனியே கண்டுசொன்ன விதிப்படி, கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால் கீழே 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். கேட்க நன்றாக இருக்கும். திருப்பிப் போட்டால்தான் பயம் வரும். மேலே அரை மீட்டர்தான் நிற்கிறது என்றால் கீழே 20 மீட்டர். மோட்டார் வைத்து மட்டத்தைக் கால் மீட்டர் இறக்கி அப்படியே வைத்திருந்தால், கீழிருந்து உப்புநீர் 10 மீட்டர் ஏறிவரும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35,000 மில்லிகிராம் உப்பும், அதில் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடும் உண்டு. குடிநீரில் குளோரைடு 250 மில்லிகிராம் இருக்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 1,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். நூறு குடத்தில் இரண்டு குடம் கடல்நீர் கலந்தாலே 380 மில்லிகிராம் ஏறிவிடும்; ஐந்து குடம் கலந்தால் 950.

தனுஷ்கோடிக்குப் போயிருந்தால் இதைக் கண்ணாலேயே பார்த்திருப்பீர்கள். இரு பக்கமும் கடல், நடுவே மணல்திட்டு. மீனவக் குடும்பத்துப் பெண்கள் மணலைக் கையால் அள்ளி அள்ளி ஒரு குழி செய்து, அடியில் ஊறிவரும் தெளிந்த நீரைச் சிறு பாத்திரத்தால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். மொள்ளும் கை அவசரப்படுவதில்லை, ஆழமும் தோண்டுவதில்லை. ஆழம் போனால் உப்பு என்பது அவர்களுக்குத் தெரியும். இராமேசுவரம் தீவிலேயே தங்கச்சிமடத்தில் கடல்நீர் சூழ நிற்கும் வில்லூண்டித் தீர்த்தத்தில் நல்ல தண்ணீர் கிடைப்பதை இராமர் வில்லோடு சேர்த்துச் சொல்வார்கள். மேட்டில் இறங்கிய மழைநீர் கடலை நோக்கி நகர்வதாலேயே கரையோரத்தில் இத்தகைய ஊற்றுகள் உண்டாகின்றன. ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்’ என்று அரசு ஊழியர்களை மிரட்ட நாம் காலங்காலமாக இந்த மாவட்டத்தைத்தான் காட்டி வந்திருக்கிறோம்.

ஆகையால் உங்களுக்கு இரண்டு வரைபடங்கள் வேண்டும். ஒன்று நீர் வாய்ப்பு; மற்றது உப்பு அபாயம். இரண்டாவதற்கு, சச்சாடி, லோபோ ஃபெரெய்ரா ஆகியோர் 2001இல் முன்வைத்த கால்டிட் முறை நன்றாகப் பயன்படும். நீர்தாங்கியின் (நிலத்தடி நீரைத் தாங்கி நிற்கும் மண் அல்லது பாறை அடுக்கின்) வகை, நீர் கடத்தும் திறன், கடல்மட்டத்துக்கு மேல் நீர்மட்டத்தின் உயரம், கரையிலிருந்து தொலைவு, ஏற்கெனவே ஏறியுள்ள உப்பின் நிலை, நீர்தாங்கியின் தடிமன் ஆகிய ஆறையும் அது பார்க்கிறது. எடைகள் முறையே 1, 3, 4, 4, 1, 2. இதில் நீர் கடத்தும் திறன் கூடக் கூட அபாயமும் கூடும் என்பதைக் கவனியுங்கள். எந்த மணலுக்கு முதல் வரைபடத்தில் ஐந்து மதிப்பெண் தந்தீர்களோ, அதே மணல்தான் கடலுக்கும் கதவைத் திறக்கிறது. இதனால்தான் உப்பை ஒன்பதாவது அடுக்காகச் சேர்த்துக் கூட்டுவதை நான் ஏற்கமாட்டேன். எடையிட்ட கூட்டலில் ஓர் அடுக்கின் குறையை மற்றவை ஈடுகட்டிவிடும். தட்டை, வண்டல், மணல் என்று ஏழு பேர் கைதூக்கும்போது உப்பு ஒற்றை ஆளாக நின்று தோற்றுப்போகும். இரண்டு வரைபடங்களையும் கட்டம் கட்டமாகக் குறுக்கே வைத்து, ‘நீர் நன்று, அபாயம் குறைவு’, ‘நீர் நன்று, அபாயம் அதிகம்’ என்று தனித்தனி வகுப்புகளாகக் காட்டுங்கள். உப்பளம், இறால் பண்ணை, அலையேறும் சதுப்பு ஆகியவற்றை எடை எதுவும் தராமல் நேரடியாக வெட்டி நீக்கிவிடுங்கள்.

கால்டிட் கேட்கும் ஆறில் செயற்கைக்கோளிலிருந்து நேரே வருவது கரையிலிருந்து தொலைவு ஒன்றுதான். மற்றவற்றுக்கு மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கிணற்றுப் பதிவுகளும், தரமணியில் உள்ள மாநில நிலத்தடி நீர்த் தரவு மையத்தின் பதிவுகளும் வேண்டும். பாறை வகைக்கும் நிலவடிவத்துக்கும் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் பூகோஷ் தளம் இருக்கிறது. ஹைதராபாத் தேசியத் தொலையுணர்வு மையம் ராஜீவ் காந்தி தேசியக் குடிநீர் இயக்கத்துக்காக 1:50,000 அளவில் தயாரித்த நிலத்தடி நீர் வாய்ப்பு வரைபடங்களை ஒருமுறை திறந்து பாருங்கள். அவற்றில் எடையிட்ட கூட்டலே இல்லை. பாறை, நிலவடிவம், கோட்டுக்கூறு, நீர்வரவு ஆகியவற்றைச் சேர்த்துப் படித்து, ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் எந்த வகைக் கிணறு, எவ்வளவு ஆழம், என்ன நீர்த்தரம் என்று எழுதிவைத்திருப்பார்கள். பழைய பாணி என்று தோன்றும். கடலோரத்துக்கு எனக்கு அந்தப் பாணியே பிடிக்கும்.

ஆழம் என்ற ஒன்று வரைபடத்தில் எங்கும் வராமல் போகிறது என்பதையும் ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள். மேலே மணலில் மிதக்கும் நீர் ஒன்று. களிமண் அடுக்குகளுக்குக் கீழே படிவுப் பாறையில் அடைபட்ட நீர் இன்னொன்று. பின்னதற்கு வரவு அந்த இடத்து மழையிலிருந்து வருவதில்லை, மேற்கே அந்தப் பாறை வெளியே தலைகாட்டும் இடத்திலிருந்து வருகிறது. மேலே உவராகவும் கீழே நன்னீராகவும் இருக்கும் ஊர்களும் உண்டு, தலைகீழாகவும் உண்டு. எந்தச் செயற்கைக்கோளும் இதைச் சொல்லாது. நிலத்துக்குள் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் மின்தடை அளவீடு ஓரளவு சொல்லும். அதிலும் உப்புநீர் நிறைந்த மணலும் வெறும் களிமண்ணும் ஒன்றுபோலக் குறைந்த மின்தடையையே காட்டும் என்பதால், பக்கத்தில் ஒரு துளைக்கிணற்றின் மண் பதிவு இல்லாமல் முடிவு கட்டக்கூடாது.

சரிபார்ப்பைப் பற்றிக் கடைசியாக. கிணறுகள் இருக்கும் புள்ளிகளை எடுத்து, அவை ‘நன்று’ வகுப்பில் விழுகின்றனவா என்று பார்த்து, கணிப்பு எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் காட்ட, வளைவின் கீழ்ப் பரப்பு இவ்வளவு என்று ஓர் எண் தருவது இப்போதைய வழக்கம். கடலோரத்தில் கிணறு இருக்கிறது என்பதற்கு நீர் நல்லது என்று பொருளில்லை. உப்பேறிக் கைவிட்ட கிணறும் உங்கள் பட்டியலில் ஒரு வெற்றிப் புள்ளியாக நிற்கும். ஒவ்வொரு கிணற்றிலும் நீர்மட்டமும், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறனும் எடுங்கள், பிப்ரவரியில் ஒருமுறை, மே மாத இறுதியில் ஒருமுறை. மாதிரியை வாளியால் மேலே மொண்டு எடுப்பதோடு நிறுத்தாதீர்கள். உச்சிப்புளிக்குத் தெற்கே ஒரு தென்னந்தோப்புக் கிணற்றில், மேலே மொண்ட நீர் குடிக்கும்படி இருக்க, மீட்டரின் முனையைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கியபோது எண் மளமளவென்று ஏறி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். தோப்புக்காரர், ‘அதான் சார், ஒரு மணி நேரத்துக்கு மேல மோட்டார் ஓட்ட மாட்டேன்’ என்றார். எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடினால் ருசி மாறுகிறது என்ற கேள்வியை உங்கள் களக் குறிப்பேட்டில் ஒரு பத்தியாகவே சேர்த்துக்கொள்ளுங்கள். நீர் வாய்ப்பு வரைபடத்தையும் அபாய வரைபடத்தையும் குறுக்கே வைத்துப் பெறும் வகுப்புகளை அந்தப் பத்தியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, எங்கே பொருந்தவில்லையோ அந்தக் கிணறுகளின் பட்டியலை எனக்கு அனுப்புங்கள்.